தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆறு பூச்சிகள்

யோசிக்காமல் என் வாயிலிருந்து வெளியே வரும் சொற்களில் முதல் இடம் 'தெரியும்' என்பதற்குத்தான். பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டால், முதலில் தெரியும் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் பாம்பு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். எலப்புள்ளியில் பெண் பார்க்கப் போனபோது மாமனார், டிராக்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அரை மணி நேரத்தில் அவருடைய வயலில் ஒரு வரப்பு காணாமல் போனது. நல்ல மனிதர். பெண்ணைக் கொடுத்துவிட்டார். டிராக்டர் சாவியை மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை.

இதே வாய்தான் பள்ளிவாசல் என்கிற மலையூர் எஸ்டேட்டின் விருந்தினர் பங்களாவில் எனக்கு வழிகாட்டி வேலையையும் வாங்கித் தந்தது. பதினோரு வருடமாக அங்கே சாப்பாட்டு அறையில் தட்டு வைப்பதும் தட்டு எடுப்பதுமாக இருந்தேன். மலை ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளைக் கூட்டிப் போவதற்கு வேறொருவர் இருந்தார். அவர் சொந்தமாக ஜீப் வாங்கிக்கொண்டு போனதும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி, என்னைவிட வயதில் இளையவர், தமிழை நன்றாகப் பேசுவார். அவசரத்தில் மட்டும் மலையாளம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எடோ, ட்ரவுட்டப் பத்தி வல்லதும் தெரியுமோ?"

"தெரியும் சார்."

ட்ரவுட்டைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அதை எந்தத் தட்டில் வைக்க வேண்டும், எலுமிச்சைத் துண்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதுதான்.

"ஷெரி. அடுத்த வாரம் கோயமுத்தூர் டாக்டர் அம்மா வராங்க. மூணு நாள் கூடவே நட. போகும்போது அவங்க கொள்ளாம்னு சொன்னா நீ கைடு. இல்லெங்கில் திரும்பத் தட்டு."

கொள்ளாம் என்றால் பரவாயில்லை, தேறுவான் என்று அர்த்தம். இதைத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தைக்கூடக் கழுவாமல் எலப்புள்ளிக்குப் போன் போட்டாள். "ஏனுங்கண்ணா, அவரு இப்ப கைடுங்க. ஆமாங்க, தட்டெல்லாம் இல்லீங்க." அண்ணன்கள் மூவர், சித்தப்பாக்கள் இருவர், கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் ஒரு மச்சான். ஆறு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. இனி தட்டுக்குத் திரும்பினால் அந்த வீட்டு விசேஷத்துக்கு நான் எந்த முகத்தோடு போவேன்?

டாக்டரம்மா குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர், ஒல்லியானவர். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தனியாக வந்து இறங்கினார். வந்த அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பிடிகருவியைத் திருகி மாட்டி, அதில் நகத்தளவு தூண்டில் முள் ஒன்றைக் கவ்வ வைத்து, ஆரஞ்சு நூலைச் சுற்றத் தொடங்கினார். நான் காப்பி வைக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

ட்ரவுட் மீன் தண்ணீருக்குள் இருக்கும் பூச்சிகளைத் தின்கிறது. அந்தப் பூச்சி மாதிரியே ஒரு பொய்ப்பூச்சியை முள்ளில் கட்டித்தான் மீனை ஏமாற்ற வேண்டும். உடம்புக்கு நூல். தலைக்குப் பக்கத்தில் கால்கள் மாதிரி ஒரு கோழி இறகு. அவ்வளவுதான். அவர் இறகின் நுனியை நூலால் கட்டி, இரண்டே சுற்றுச் சுற்றி, மிச்சத்தை வெட்டி எறிந்தார்.

"பெட்டைக்கோழி எறகுதானுங்க வேணும். சேவல் எறகு வெறப்பா நிக்கும். இது மெதுவா இருக்கறதுனால, தண்ணிக்குள்ள போனா மூச்சு விடற மாதிரி விரிஞ்சு சுருங்கும். தம்பி, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்கம்மா. எங்க எஸ்டேட்டுல வீட்டுக்கு வீடு கட்டுவாக."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். "அடடே! இத்தனை வருசமா இது கட்டத் தெரிஞ்ச ஒருத்தரைக்கூட இந்தப் பக்கத்துல நான் பார்த்ததில்லீங்க!"

பார்த்திருக்க மாட்டார். இருந்தால்தானே பார்ப்பதற்கு.

கட்டிய பூச்சி ஆறையும் ஒரு பழைய தொண்டை மாத்திரைத் தகர டப்பாவில் வைத்து மூடினார். மீன் பிடிக்க அவருக்குச் சனிக்கிழமை ஒரு நாள், அதுவும் மதியம் வரைக்கும்தான் அனுமதி. வியாழக்கிழமை சும்மா இடம் பார்க்கப் போனோம். டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வழிகாட்டி என்றால் கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஓடையில் அவர் ஒரு பாறை மேல் உட்கார்ந்து பைனாகுலரில் ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஒரு வழுக்குப் பாறையில் நின்று, டப்பாவைத் திறந்து இடது கையில் ஏந்தி, வலது கையால் போட்டோ எடுத்தேன். எலப்புள்ளி மச்சான்களுக்கு அனுப்புவதற்காக. போட்டோ அருமையாக வந்தது. அடுத்த நொடி கால் வழுக்கியது. ஒரு கையில் போன், ஒரு கையில் டப்பா; பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். எந்தக் கையை விடுவது என்று என் மூளையை யாரும் கேட்கவில்லை. இடது கை தானாகவே பாறையைப் பிடித்துக்கொண்டது. டப்பா இரண்டு முறை கவிழ்ந்து, அருவி விழுகிற பக்கம் போய், போயே போய்விட்டது.

"என்னங்க தம்பி சத்தம்?"

"கல்லு விழுந்துச்சும்மா."

"டப்பா பத்திரமா?"

"எங்கிட்டயே இருக்கட்டுங்கம்மா. சனிக்கிழமை கையில தாரேன்."

அதுதான் டப்பா என்று அவர் நினைக்கட்டும் என்று சட்டைப் பையில் போனை வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டே பங்களா வரைக்கும் நடந்தேன், நெஞ்சு வலிக்காரன் மாதிரி. அவர் டாக்டர் வேறு. வழியில் இரண்டு முறை, "மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பங்களாவிலேயே ஓய்வெடுப்பதாகச் சொல்லிவிட்டதால் எனக்கு லீவு. காலையிலேயே ஊருக்குள் போய் மருந்துக் கடையில் அதே மாதிரி தகர டப்பா ஒன்று வாங்கினேன். டப்பா காலியாக வேண்டுமே. மாத்திரைகளைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. வீடு வருவதற்குள் அத்தனையையும் சப்பித் தீர்த்தேன். நாக்கு மரத்து, தொண்டைக்குள் ஐஸ் கட்டியை வைத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க எந்தச் சாப்பாட்டிலும் எனக்கு உப்பு தெரியவில்லை. ஹார்டுவேர் கடையில், இருப்பதிலேயே சின்னத் தூண்டில் முள் வாங்கினேன். டாக்டரம்மாவின் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது தம்பி, இது அண்ணன் என்று சொல்லலாம். அந்த அளவுக்கு வித்தியாசம்.

மாதிரிக்குப் போனில் போட்டோ இருக்கிறது. நூலுக்கு மனைவி சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற டப்பா இருக்கிறது. பிடிகருவிக்குப் பதிலாக ஒரு கட்டிங் பிளேயர். கைப்பிடியில் ரப்பர் பேண்டைச் சுற்றினால் முள்ளை விடாமல் கவ்வும். இறகுதான் பாக்கி. எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மனைவியின் புள்ளிக்கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. பழுப்பில் வெள்ளைப் பொட்டு. போட்டோவில் இருக்கிற இறகுக்குச் சொந்த அக்கா. ஒரு கையால் தலையைத் தடவிக்கொண்டே மறு கையால் கழுத்தில் ஒன்று, முதுகில் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கூடையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, அடையில உக்காந்திருக்கற கோழிய என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா தடவிக் கொடுக்கேன்."

"எனக்குத் தலவலி வந்தப்பக்கூட இப்படித் தடவிக் குடுத்ததில்லீங்க. கோழிக்கு என்னங்க வந்துச்சு?"

கோழி அந்த நேரம் பார்த்து என் புறங்கையில் ஒரு கொத்து கொத்தியது. கையை விரித்தேன். ஏழெட்டு இறகுகள் கீழே விழுந்தன. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டப்பா ஆத்துல போயிருச்சுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. முடிஞ்சுது."

"சொன்னா தட்டுதான் புள்ள."

"சொல்லாட்டியும் தட்டுதானுங்க. எப்படியும் தட்டுன்னா, பொய் சொல்ற வேலையாச்சும் மிச்சம்."

நான் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். "இனி ஒரு எறகு தொட்டீங்கன்னா முட்டைய நீங்கதான் அடகாக்கோணும்" என்று குரல் பின்னாலேயே வந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டத் தொடங்கினேன். அவர் கட்டியதைப் பார்த்தபோது காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு முதல் பூச்சிக்கே முக்கால் மணி நேரம். நூலை இழுத்தால் அறுந்தது, இழுக்காவிட்டால் அவிழ்ந்தது. இறகைக் கவ்வினால் முள் சுழன்றது. அவர் இரண்டு சுற்று என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்கிற சாமானில் கஞ்சத்தனம் காட்டலாமா? பதினோரு வருடம் பரிமாறிய கை. போதும் என்று சொல்லும் வரை வைத்துத்தான் பழக்கம். இறகு வாய் திறந்து போதும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முள்ளிலும் முழு இறகையும் சுற்றினேன். சிலவற்றில் இரண்டு இறகு. ஐந்து பூச்சிகள் முடிந்தபோது ஐந்தும் குளிருக்குக் கம்பளி போர்த்திய தாசில்தார்கள் மாதிரி இருந்தன.

ஆறாவதுக்கு வந்தபோது இறகு தீர்ந்துவிட்டது. தரையில் தேடியதில் ஒரு நோஞ்சான் இறகு கிடைத்தது, பாதி ஒடிந்தது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வரவில்லை. அதை வைத்து ஒப்பேற்றிவிட்டு, வெளியே தெரியாமல் டப்பாவில் மற்ற ஐந்துக்கும் அடியில் ஒளித்தேன்.

முடிச்சு அவிழாமல் இருக்கத் தலையில் ஒரு சொட்டு பசை மாதிரி ஏதோ அவர் தடவியது நினைவுக்கு வந்தது. மனைவியின் நகப்பூச்சு இருந்தது. ரோஸ் கலர், உள்ளே ஜிகினா மினுங்கும். மச்சான் கல்யாணத்துக்கு வாங்கியது. வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லாம் முடிந்து பார்த்தபோது இறகுகள் வறண்டு, சிலிர்த்துக்கொண்டு நின்றன. எங்கள் வீட்டில் எது வறண்டு போனாலும் ஒரே வைத்தியம். தலை, குதிகால், கதவுக் கீல், தோசைக்கல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் அதுதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து விரல் நுனியில் தொட்டு ஒவ்வொரு பூச்சிக்கும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஆறும் தலைவாரிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பளபளத்தன. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஓடைக்குப் போய்விட்டோம். பனி மூட்டம் விலகி, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தூண்டில் கம்பை மாட்டி, அதன் நரம்பை விட்டு, கையை நீட்டினார். டப்பாவைக் கொடுத்தேன். திறந்தார். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தார். முதலாவதை எடுத்து நரம்பில் கட்டி எறிந்தார்.

இந்த வகைப் பூச்சி தண்ணீருக்குள் மூழ்கிப் போக வேண்டும். என் பூச்சி மூழ்கவில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு, தன்னைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு எண்ணெய் வட்டத்தை விரித்துக்கொண்டு, படகு சவாரி போகிற மாதிரி போனது. கீழே ஒரு மீன் வந்தது. நான் பார்த்தேன். பூச்சிக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, அவசர வேலை ஞாபகம் வந்த மாதிரி திரும்பிப் போனது.

இரண்டாவது பூச்சியும் மிதந்தது. மூன்றாவதும் அப்படியே. இடம் மாறி மாறி எறிந்து பார்த்ததில் மணி ஒன்பதரை ஆகிவிட்டது. டாக்டரம்மா நரம்பைச் சுருட்டி, பூச்சியைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"தேங்காண்ணெய் வாசம் வருதுங்களே தம்பி."

நான் மரத்தைப் பார்த்தேன்.

"தலையில ஜிகினா மின்னுது."

வானத்தைப் பார்த்தேன்.

"இது நான் கட்டுனது இல்லீங்களே."

பார்க்க வேறு இடம் இல்லை. சொல்லிவிட்டேன். வழுக்கிய கால், விடாத போன், சப்பிய மாத்திரை, கோழி, எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது என் மனக்கண்ணில் சாப்பாட்டு அறையின் தட்டு அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. எந்தத் தட்டில் விளிம்பு உடைந்திருக்கிறது என்பது வரைக்கும்.

"எப்ப போச்சு?"

"வியாழக்கிழமைங்கம்மா."

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, முள்ளு, எறகு, நூல் எல்லாம் என்ற பொட்டியில இருக்குது. அரை மணி நேரத்துல ஆறு கட்டியிருப்பனே!"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கட்டுகிறவர் என்பதும், கட்டுகிற சாமான் அவருடன் வந்திருக்கிறது என்பதும், என் கண் முன்னால்தான் கட்டினார் என்பதும் ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. பங்களாவுக்குப் போய் எடுத்து வர இரண்டு மணி நேரம் ஆகும். அனுமதி முடிய அதற்குமேல் கொஞ்சம்தான் இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாறையில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பூச்சியாக வெளிச்சத்தில் தூக்கி, வரிசையில் நிற்கிற நோயாளிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதுக்கு ஒடம்பெல்லாம் வீக்கம். இது மாசமா இருக்குது, ரெட்டைப் புள்ள. இதுக்குக் கழுத்தே இல்லீங்க." ஆறாவதைக் கடைசியாக, அடியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது ஒண்ணுதான் ஆரோக்கியமா இருக்குது. இத யாரு கட்டுனது?"

"நான்தாங்கம்மா. எறகு தீந்துபோச்சு."

"இனிமே எப்பவும் எறகு தீந்தப்பறம் கட்ட ஆரம்பிங்க."

கரையில் குனிந்து ஒரு சிட்டிகை ஈரமண்ணை எடுத்து அந்தப் பூச்சியை அதில் போட்டுப் பிசைந்தார். நரம்பின் நுனியையும் சேர்த்து. பிறகு தண்ணீரில் அலசினார். எண்ணெய் போய்விட்டது. இப்போது எறிந்தபோது பூச்சி தண்ணீருக்குள் போனது. அந்த ஒன்றரைச் சுற்று இறகு விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. அது நான் கட்டியதுதான் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

நான்காவது எறிதலில் நரம்பு நின்றது. நகர்ந்தது. கம்பு வளைந்தது. நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. டாக்டரம்மா பிறகு சொன்னதைப் பார்த்தால், "சார், வந்துருச்சு சார்" என்று கத்தியிருக்கிறேன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். வயிற்றில் மஞ்சள், பக்கமெல்லாம் சிவப்புப் பொட்டு. அவர் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, விட்டுவிட்டார். அதற்குள் அதை எந்தத் தட்டில் வைப்பது என்று யோசித்துவிட்டேன்.

அடுத்த எறிதலிலேயே நகப்பூச்சு உடைந்து நூல் அவிழ்ந்தது. இறகு தனியாகப் போனது. கையில் வெறும் முள் வந்தது. அதோடு சரி. மதியமும் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பினார். போர்ட்டிகோவில் கார் நின்றது. மேனேஜரோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேட்கவில்லை. மேனேஜர் சிரித்தார். ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கார் போனதும் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டர் அம்மா என்ன சொன்னாங்கன்னு அறியாமோ?"

அவர் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் பேசியிருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வையெல்லாம் எனக்கு வேறு மாதிரி அர்த்தமானது. டாக்டரம்மா எல்லாம் சொல்லிவிட்டார், இனி மறைத்து என்ன பயன், நாமாகச் சொன்னால் மரியாதை என்று முடிவு செய்தேன். அவர் போனை வைத்ததுதான் தாமதம், நான் தொடங்கிவிட்டேன். அந்த வழுக்குப் பாறையிலிருந்து ஜிகினா வரைக்கும் ஒன்று விடாமல். டாக்டரம்மாவிடம் சொல்ல மறந்திருந்த, "நெஞ்சு வலி இல்லைங்கம்மா, அது போன்" என்பதையும் சேர்த்து.

மேனேஜர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடோ, இதொக்கெ யாரு கேட்டது?"

"டாக்டரம்மா சொல்லியிருப்பாகளே சார்."

"அவங்க சொன்னது, நல்லா நடந்தோம், ஒரு மீன் கிடைச்சு, ஆள் நல்லா தமாஷ் பேசுவான், கொள்ளாம். இத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

மேனேஜர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார்.

"டாக்டர் அம்மா சொன்ன வாக்கு வாக்குதான். நீதான் கைடு. பக்ஷே ஒண்ணு. கெஸ்ட்டோட சாதனம் ஒண்ணுகூட நீ தொடக்கூடாது. கம்பு, பை, டப்பா, தொப்பி, தண்ணி பாட்டில், ஒண்ணும். கேட்டோ?"

"சரி சார்."

"கையை இப்படித் தொங்கப் போட்டு நடந்தா போதும்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறேன். ஓடைக்குப் போகும் வழி கொழுந்து எடுக்கிற தேயிலைக் காட்டுக்கு நடுவில்தான் போகிறது. முன்னால் நான், வெறுங்கையை வீசிக்கொண்டு. பின்னால் விருந்தாளி, தோளில் பை, கையில் கம்பு, கழுத்தில் வலை, கக்கத்தில் குடை என்று மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். போன வாரம் வந்தவர் பெரிய கம்பெனி அதிகாரி. பாவம், பாதி ஏற்றத்திலேயே வேர்த்துவிட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி, அங்க பாருங்கடி, பெரிய துரை போறாரு! சாமான் தூக்க ஆளு வேற வச்சிருக்காரு!"

எல்லாக் கூடைகளும் குலுங்கின. விருந்தாளி என்ன என்று கேட்டார். வணக்கம் சொல்கிறார்கள் என்றேன். அவரும் கையைத் தூக்க முடியாமல் தூக்கி வணக்கம் வைத்தார். இரண்டு வரிசை தள்ளி நின்ற என் மனைவி மட்டும் சிரிக்காமல், கொழுந்தைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, கைய ரொம்ப வீசாதீங்க. அவரு மேல பட்டு எதாச்சும் கீழ விழுந்துரப் போகுது."